நாலே முக்கால் பெரட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி கணேசமூர்த்தி அவர்களுக்கு,

கோலா பிலாவிலிருந்து நல்லசாமி வணக்கத்துடன் எழுதுவது. தம்பின் ஊரில் தாங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். இங்கே எல்லாரும் சுகம். நேரத்துக்கு விழித்தும் விடுகிறோம். காரணம் தங்கள் மகள் மாதவி.

என் மகன் தர்மராஜின் தூக்கத்தைக் கல்யாணத்துக்கு முன் தங்களிடம் மறைத்தது தப்புதான், மன்னிக்கணும். ஃபேக்டரி பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டுவிட்டு இரண்டு வார்னிங் கடிதம் வாங்கிவிட்டான். மூணாவது வந்தால் வேலை போச்சு. மெதுவாகத்தான் எழுப்பணும் என்று மாதவி கைப்பேசியில் படித்து, விளக்கு, வெந்நீர், மெல்லிசான பாட்டு என்று பார்த்தாள். வெந்நீரைக் குடித்துவிட்டுப் பாட்டுக்குத் தலையாட்டியபடியே திரும்பப் படுத்தான். அலாரத்தை அரிசி டின்னுக்குள் வைத்தாள். டின்னைக் கட்டிப்பிடித்துத் தூங்கினான். வேறொருத்தி என்றால் தம்பினுக்கு பஸ் ஏறியிருப்பாள். இவளோ, "மாமா, ரப்பர் தோட்டத்துல முப்பது வருஷம் ஆளுங்களை மேய்க்கிற மண்டோரா இருந்து, விடியக்காலைப் பெரட்டுல வரிசையா நிக்கவெச்சுப் பேர் கூப்பிட்டீங்கல்ல, நம்ம வாசல்ல நின்னு ஒருக்கா கூப்பிடுங்களேன்" என்றாள். அடடா, என்ன மூளை! நாலே முக்காலுக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு "தர்மராஜ்!" என்றேன். படுத்தபடியே "இருக்கேன்யா" என்று சொல்லிப் புரண்டான். ஆனால் எதிர்வீட்டு முத்தாயி, பால்மரம் வெட்டுவதை விட்டுப் பதினைந்து வருஷமாச்சு, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து நிற்குது! பின்னாலேயே தாமான் குடியிருப்பு முழுக்க வரிசை. தோட்டத்தை மூடி எங்களையெல்லாம் இங்கேதானே குடிவைத்தார்கள், பழக்கம் எங்கே போகும்? மறுநாள் மாதவி, "எல்லார் பேரையும் கூப்பிடுங்க மாமா, அவரு பேரைக் கடைசியா. வரலைன்னா, ஆள் இல்லைன்னு மூணு தரம் கத்துங்க" என்றாள். கத்தினேன். "ஏண்டா தர்மராஜு, கிழவி நானே வந்துட்டேன், ஒனக்கென்ன கேடு லா?" என்று முத்தாயி ஜன்னலைத் தட்ட, மானம் போய் எழுந்து வந்தான். மூன்று வாரமாக ஒரு நாள்கூடப் பஸ்ஸை விடவில்லை சம்பந்தி! இப்போது தாமானில் யாருமே அலாரம் வைப்பதில்லை, பஸ் ஓட்டும் ஹேமநாதன் உட்பட.

இப்படியொரு பெண்ணைப் பெற்ற வயிற்றை, தினம் விடியும்போதெல்லாம் வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள
நல்லசாமி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஒரு சங்கதி. இன்று நான் தூங்கிப்போனேன். பேர் கூப்பிட ஆளில்லாததால் ஒருத்தரும் எழவில்லை. ஹேமநாதனும் எழவில்லை, பஸ்ஸே கிளம்பவில்லை. பஸ் வராதது ஆள்களின் குற்றமில்லை என்று ஃபேக்டரியில் சொல்லிவிட்டார்கள், தர்மராஜ் தப்பித்தான். வார்னிங் கடிதம் எனக்குத்தான் வந்தது, மாதவி கையெழுத்தில். பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.