கையை எடுத்தால் உம்ம்ம்

கையை எடுத்தால் "உம்ம்ம்" என்றது. வைத்தால் வாயை மூடிக்கொண்டது. பல் டாக்டர் தன் ரெக்கார்டு பிளேயரின் இரும்புத் தகட்டில் விரலை வைத்தும் எடுத்தும் பார்த்துவிட்டு, மனைவியைப் பாவமாகப் பார்த்தார்.

"உங்கப்பா எப்ப வர்றார்?"

"கிளம்பிட்டாங்க. அம்மாவும் வர்றாங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மாமனாரிடம் இரண்டு பீரோ நிறைய இசைத்தட்டுகள். அவற்றை அப்படியே ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடப் போவதாகத் திடீரென்று அறிவித்திருந்தார். எவர் வீட்டு செட்டில் இரைச்சல் இல்லையோ அவருக்கு. போன வாரம் பெரிய மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டு, "தேனீ வளர்க்கறீங்களா?" என்றாராம்.

ஆக, சகலை அவுட். டாக்டர் முதலில் மனதைப் பறிகொடுத்ததே அந்தப் பீரோக்களிடம்தான். பெண் அப்புறம்தான் கண்ணில் பட்டாள்.

"எர்த் ஒயர் அறுந்திருக்கு. அவ்வளவுதான்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கிளினிக்கிலிருந்து பல் கட்டும் கம்பியைக் கொண்டுவந்து தகட்டில் சுற்றி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டினார். இரைச்சல் இரண்டு மடங்கானது. ஃப்ரிட்ஜ் மேல் சந்தேகம் வந்து அதை அணைத்தார். இரைச்சல் குறையவில்லை, ஐஸ் உருகி ஹால்வரை வந்தது. கம்பியை நீட்டி ஜன்னலுக்கு இழுத்துக் கட்டினார். உம்ம்ம் சுத்தமாக நின்றது. ஆனால் பாட்டுக்கு நடுவே ஓர் ஆள் கோதுமை விலை வாசிக்க ஆரம்பித்தான்.

"என்னங்க, ரேடியோ வருது!"

"காது எனக்கும் இருக்கு!" வெடுக்கென்று கம்பியை இழுத்தார். திருகாணியும் சேர்ந்து வந்தது.

வாசலில் மணி அடித்தது.

"பேசாம கையை வச்சுட்டே நில்லுங்க," என்றாள் மனைவி. "எங்கம்மாவும் அப்படித்தான். பாட்டு ஓடுறப்ப பெட்டியை விட்டு அசைய மாட்டாங்க. அவ்வளவு பைத்தியம்."

மாமனார் உள்ளே வந்து கை நீட்டினார். டாக்டர் இடது கையைக் கொடுத்தார். மாமியார் வந்ததும் வராததுமாக சோபாவில் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார்.

"அதை ஏன் மாப்பிள்ளை பிடிச்சுட்டு நிக்கறீங்க?"

"ஒரு மரியாதைதான் மாமா."

தட்டு சுழன்றது. மூக்கு அரித்தது. பல்லைக் கடிக்காதீர்கள் என்று நாளெல்லாம் ஊருக்குச் சொல்பவர், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. யாருக்கோ கடைவாய்ப் பல். அவர் நகர, மனைவி ஓடிவந்து கையை வைத்தாள். இடையில் ஒரு சின்ன "உம்" எட்டிப் பார்த்துவிட்டது.

மாமனார் ஒரு கண்ணைத் திறந்தார். டாக்டர் இருமி, பழியைத் தொண்டைமேல் போட்டார். போனை வைத்ததும் தன் இடத்துக்கு ஓடினார்.

பாட்டு முடிந்தது. மாமனாரின் கண்கள் கலங்கியிருந்தன.

"சுத்தம் மாப்பிள்ளை! என் பெட்டிக்கு அப்புறம் இங்கதான் இப்படிக் கேக்கறேன். என் பெட்டி ஒரு நாள்கூட உம்முனு சொன்னதில்ல. எல்லாம் என் கைராசி. ரெக்கார்டு அத்தனையும் உங்களுக்குத்தான்!"

"மாமா!"

"எனக்குக் குடுக்க மனசே இல்ல. குடுத்தே ஆகணும்னு உங்க அத்தைதான் ஒத்தக்கால்ல நின்னா. பாட்டுன்னா உயிரை விடறவ, ஏன்னு எனக்கே புரியல. சரி, அடுத்த பக்கத்தைப் போடுங்க, கேப்போம்."

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. தட்டைத் திருப்பி முள்ளை வைத்தார். சந்தோஷத்தில் மாமனாரைக் கட்டிக்கொள்ளப் போனவரின் கை, தகட்டிலிருந்து மெல்ல எழும்பியது.

சோபாவிலிருந்து மாமியார் பாய்ந்து வந்தார். அந்தக் கையைப் பிடித்து, சரியான இடத்தில் அழுத்தி வைத்தார். பிறகு மாப்பிள்ளையின் காதோடு சொன்னார்:

"எடுத்துடாதீங்க மாப்பிள்ளை. கல்யாணமான நாள்லேருந்து நான் எடுத்ததில்ல."