ஃபேர்லி காலி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் தங்கச்சியும் அவள் வயிற்றில் இருக்கும் ஏழு மாதமும் நலம் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் நலம். என் வீட்டுக்காரியும் நலம்; என்னோடு பேசாததால் இன்னும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடிபோகவிருக்கும் வீட்டைப் பற்றித்தான் விஷயம். போனில் சொன்னால் என் வாய் எல்லாவற்றிலும் தண்ணீர் கலந்துவிடும், அதனால்தான் கடிதம். வாடகை வீடுகளைச் சுற்றிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். முன்பு எங்கள் ஆள் ஒருவர் ஒரு வீட்டுத் தரையை வெறுமனே 'ஈரமில்லை' என்று எழுதித் தொலைக்க, குடிவந்தவரின் மெத்தை மறுவாரமே தண்ணீரில் மிதந்தது. அன்றைக்கு எங்கள் மேலாளர், சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்ப்பவர் என்பதால் நாங்கள் தராசு என்று கூப்பிடுகிறவர், ஒரு சட்டம் போட்டார். எந்தச் சொல்லும் ஆபீஸை விட்டுத் தனியாக வெளியே போகக்கூடாது, 'ஓரளவு', 'கொஞ்சம்' என்று இழுக்கிற ஒரு இங்கிலீஷ் சொல் துணைக்குப் போக வேண்டும். கூரை 'ஃபேர்லி' உறுதி, குழாய் 'குவைட்' நன்று, சுவர் 'சம்வாட்' விரிசல். 'ராதர்' மட்டும் கொஞ்சம் காரம், ஏதோ சரியில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும், அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். இந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. போன மாதம் என் வீட்டுக்காரி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்க, முகத்துக்கு ஃபேர்லி பொருத்தம் என்றேன். அதோடு பேச்சு நின்றது. துணையில்லாமல் போக எங்கள் ஆபீஸில் அனுமதி உள்ள ஒரே சொல் 'காலி'.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உங்கள் வீட்டைத் திறந்தேன். பளிச்சென்ற வெயில், பக்கத்தில் யாரோ துணி துவைக்கும் சத்தம், பயப்பட ஒன்றுமில்லாத நேரம். முன்னறை, சமையலறை, குழாய், ஜன்னல் கொக்கி எல்லாம் பார்த்தாயிற்று. பின்னறையில் ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் எல்லா இடத்திலும் தூசி, ஸ்டூலின் மேல் மட்டும் இல்லை. கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்தேன். சூடாக இருந்தது மாப்பிள்ளை, யாரோ இப்போதுதான் எழுந்து எனக்கு இடம் கொடுத்த மாதிரி. நிழலில் இருக்கும் ஸ்டூல் அது. சரி, வேலையைப் பார்ப்போம் என்று, உள்ளே பொள்ளலா கெட்டியா என்று தெரிந்துகொள்ள வழக்கம்போலச் சுவரை விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினேன். கொஞ்சம் பொறுத்து, அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு வந்தது. நான் தட்டியதைவிட மரியாதையாக. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் தெரு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன், தெருவிலும் யாருமில்லை. நான் ஓடவில்லை, வேகமாக நடந்தேன், செருப்பை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆபீஸுக்கு வந்து ரிப்போர்ட்டில் 'காலி' என்று எழுதப் போனால் கை வரவில்லை. 'ஃபேர்லி காலி' என்று எழுதிக் கொடுத்தேன். தராசு கூப்பிட்டார்.

"வீடுன்னா காலியா இருக்கும், இல்லேன்னா ஆள் இருக்கும். நடுவுல என்னய்யா?"

"நடுவுலதான் சார் இருக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுநாள் அவரே கூட வந்தார். பின்னறைக்குள் தனியாகப் போனார். நான் வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜோடியாக, துடைத்து, படியோரம் வைக்கப்பட்டிருந்தது. தராசு வெளியே வந்தார், காரில் ஏறினார். பாதி வழியில் மெதுவாகச் சொன்னார்.

"ஃபேர்லி பத்தாதுய்யா. ராதர்னு போடு. நான் கையெழுத்துப் போடறேன்."

அதனால் மாப்பிள்ளை, வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் கலக்காமல் சொல்கிறேன்: அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இப்போதைய வீட்டின் சொந்தக்காரர் சாவி கேட்கிறார், தெரியும். எங்கள் ஹாலில் வந்து இருங்கள். ஹால் ஓரளவு பெரியது. இல்லை, சின்னதுதான். பிள்ளைத்தாய்ச்சியை அந்தப் பின்னறைக்குப் பக்கத்தில் படுக்க வைக்க என் மனசு கேட்கவில்லை.

தங்கச்சிக்கு என் ஆசி. பிறக்கப்போகும் வாண்டுக்கு எந்த நன்மையும் அரைகுறையாக வராமல் முழுசாக வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கச்சி போன் பண்ணினாள். லாரி முன்னாடியே கிடைத்ததால் நேற்றே அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டீர்களாமே. என்னைக் கேட்டால் பாதி பதில்தான் வரும் என்று கேட்கவில்லையாம். பதறிப்போய் வெளியே வாம்மா என்றேன். "எதுக்கு அண்ணே, அவரு பாட்டுக்கு இருக்காரு" என்றாள். யார் என்றேன். "பேரு சொல்லல. இத்தனை வருஷமா வந்தவங்க எல்லாரும் காலின்னு எழுதிட்டுப் போயிட்டாங்களாம். 'உங்க அண்ணன் ஒருத்தர்தாம்மா எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு எழுதினாரு'ன்னு கண் கலங்கிட்டாரு" என்றாள். கண் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் கிழித்துப் போடுங்கள். பீரோவை மட்டும் பின்னறையில் வைக்க வேண்டாம். அங்கே ஆள் இருக்கிறது.