நான்காம் மாடி, ஒரே படுக்கையறை

மூன்றாம் மாடித் திருப்பத்தில் காஜிக்கின் முழங்கால் இனி ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. நாற்பது வருஷம் நியூயார்க்கின் மொட்டை மாடிகளில் மண்டியிட்டுத் தார் பூசிய முழங்கால். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"தாத்தா, கொஞ்சம் வழி விடறீங்களா?" பின்னால் தாடி வைத்த ஒரு பையன். அவன் பக்கத்தில் அவனுடைய தோழி.

"தாத்தாவா? உன் வயசுல இந்தப் படியில ரெண்டு தார் வாளியோட ஏறினவன்டா நான்."

"அந்த வாளியை இன்னும் இறக்கி வைக்கல போலிருக்கே."

தோழி சிரித்தாள். காஜிக் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினார்.

'கிரீன்பாயின்ட். போருக்கு முந்தைய கட்டடம். ஒரு படுக்கையறை. பழமையின் அழகு. மாதம் இரண்டாயிரத்து அறுநூறு டாலர்.' விளம்பரத்தை மூன்று முறை படித்திருந்தார். அந்தப் பழமையில்தான் அவர் பிறந்து வளர்ந்தார். அப்பா, அம்மா, அக்கா ஹலினா, அவர். பெற்றோர் போன பிறகு அக்காவும் தம்பியும் மிஞ்சினார்கள், படுக்கையறை ஒன்றுதான்.

"தார் பூசி முதுகு ஒடிஞ்சு வர்றேன், அறை எனக்கு" என்றார் தம்பி.

"பேக்கரில நின்னு நின்னு கால் வீங்கி வர்றேன், எனக்குத்தான்" என்றாள் அக்கா.

அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவர்தான். நியூஜெர்சியில் ஒரு வீட்டின் நிலவறையில் வாடகைக்கு. இருபத்திரண்டு வருஷம். அவரும் போன் பண்ணவில்லை, அவளும் பண்ணவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஹலினா செத்துப்போனாள். தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிட்டார். இப்போது அந்த நிலவறை வீட்டையும் விற்றுவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும்.

ஓய்வூதியம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டைப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. வந்தவர்களை எல்லாம் விரட்டிவிட வேண்டும். ஆள் இல்லையென்றால் வாடகை தானாக இறங்கும்.

வீடு முழுக்க வெள்ளை பூசியிருந்தார்கள். தரகுப் பெண் கெல்சி நடுவில் நின்று எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலடியில் கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் பெஸ்னிக், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் குழாயின் திருகைக் குறடால் முறுக்கிக்கொண்டிருந்தான்.

காஜிக் தாடிக்காரனை ஓரமாக இழுத்தார். "தம்பி, உன் நல்லதுக்குச் சொல்றேன். இந்தக் குழாய் இருக்கே, ஜனவரியில விடிய விடிய டங்கு டங்குன்னு அடிக்கும். பொணம்கூட எழுந்து உக்காந்துடும்."

"கேட்டியா?" என்றான் அவன் தோழியிடம். "வீடு பேசுதாம்!"

"சூட்டைக் குறைக்கவும் முடியாது. வெளியே பனி கொட்டும், உள்ளே வேர்த்து ஊத்தும். ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு பனியனோட நிக்கணும்."

"எவ்ளோ அழகா இருக்கும்!" என்றாள் அவள்.

காஜிக்குக்குத் தலை சுற்றியது. பெரிய ஆயுதத்தை எடுத்தார்.

"குளியல் தொட்டியைப் பாத்தீங்களா? மீன் நாத்தம் அதுல ஊறிப்போச்சு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு எங்கம்மா உயிரோட ஒரு கெண்டையை வாங்கி அதுலதான் விடுவா. மூணு நாள் அது நீந்தும், நாங்க குளிக்காம கெடப்போம்."

நாய்க்குட்டியைத் தூக்கி வைத்திருந்த ஒருத்தி கிட்டே வந்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, அக்கா அதுக்குப் பேர் வெச்சா. ஸ்டெஃபான். ராத்திரி தொட்டி ஓரத்துல உக்காந்து ரொட்டி பிச்சுப் போடுவோம். இருபத்திநாலாம் தேதி காலைல அப்பா சுத்தியலோட உள்ளே போறாரு, அக்கா கதவுக்குக் குறுக்கே படுத்துட்டா. 'என்னைத் தாண்டிப் போங்க'ன்னா. அப்பா தாண்டித்தான் போனாரு. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் பீட்ரூட் சூப்பை மட்டும் குடிச்சிட்டுப் படுத்தோம். தட்டுல ஸ்டெஃபான் இருந்தான்ல…"

நிமிர்ந்து பார்த்தார். பத்துப் பேர் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இரண்டாயிரத்து எழுநூறு தர்றோம்" என்றான் தாடிக்காரன்.

"ரெண்டாயிரத்து எண்ணூறு" என்றாள் நாய்க்குட்டிக்காரி.

"ஐயோ, எலி இருக்குங்க!" என்று கத்தினார் காஜிக். "அந்தக் காலத்துல சாமான் ஏத்தற குட்டி லிப்ட் ஒண்ணைச் சுவருக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க. அதுல எலி ஏறி வரும்!"

"குட்டி லிப்டுமா? விளம்பரத்துல போடவே இல்லையே" என்றான் தாடிக்காரன். "மூவாயிரம்."

கெல்சி ஓடி வந்து காஜிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "சார், நாளைக்கு இன்னொரு வீடு காட்டறேன். நீங்க அங்கேயும் வர முடியுமா?"

"நான் வாடகைக்குக் கேட்டு வந்தவம்மா."

"அப்படியா!" அவள் முகம் மாறியது. ஒரு தாளை நீட்டினாள். "வருஷ வருமானம், மாச வாடகை மாதிரி நாப்பது மடங்கு இருக்கணும்."

"அதுக்கு நான் இன்னும் எத்தனை மாடிக்குத் தார் பூசணும்?"

அவள் பேனாவை நீட்டினாள். காஜிக் தாளில் பெயரை மட்டும் எழுதினார். வருமானம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தார். இந்தத் தடவை அறைந்து சாத்தக்கூடத் தெம்பில்லை.

கெல்சி தட்டுத் தடுமாறிப் படித்தாள். "காஜி… காஜிமியெஷ் சோப்சாக்."

ஜன்னலடியில் குறடு தரையில் விழுந்தது.

"நைட் ஷிப்ட் அண்ணே!" பெஸ்னிக் எழுந்து ஓடி வந்தான். "நீங்களா? எங்கே போயிட்டீங்க? ரெண்டு மாசமா கதவைத் தட்டி ஓஞ்சுபோனோம். ஆபீஸ்ல உங்களை ஓடிட்டார்னு எழுதிட்டாங்க!"

"என்ன நைட் ஷிப்ட்?" என்றார் காஜிக்.

"யாருங்க இவரு?" என்றாள் கெல்சி.

"வாடகைப் பத்திரத்துல ரெண்டாவது பேர் இவருதாம்மா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற தாள் வரும்ல? ஹலினாம்மா வாங்கி உள்ளே கொண்டுபோய் இவர் கையெழுத்தோட குடுக்கும். நான் வந்து பதினஞ்சு வருஷமாச்சு, ஒரு தடவை தவறினதில்லை. பத்திரத்துல பேர் இருக்கிறவருக்கு இன்னும் பழைய வாடகைதான், ஆயிரத்து நூத்தி அறுபது டாலர்." காஜிக் பக்கம் திரும்பினான். "படியில ஒரு பெட்டியை இழுத்தாக்கூட அந்தம்மா வந்து அதட்டும். 'தம்பி நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பத்தான் கண்ணசந்திருக்கான், மெதுவா'ன்னு. அதனாலதான் அண்ணே உங்க மூஞ்சியையே நாங்க பாத்ததில்லை."

கூட்டம் காஜிக்கையே பார்த்தது. தாடிக்காரன் மட்டும், "அப்போ மூவாயிரம்?" என்றான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காஜிக் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அக்கா… வேற எதுவும் சொல்லுச்சா?"

"சொல்லுச்சண்ணே, ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப என் சட்டையைப் பிடிச்சு இழுத்துச் சொல்லுச்சு: 'அவன் தூங்கி எழுந்ததும் சொல்லு, இருபத்திரண்டு வருஷப் பாதி வாடகை எனக்குத் தரணும்.'"