இருபது நடை பீர்

மைரன் ஹுடாக்கின் தள்ளுவண்டியில் இருநூற்று நாற்பது பீர் கேன்கள் இருந்தன. இரண்டு மணிக்கு மகளுக்குக் கல்யாணம். இப்போது பத்தரை.

“பீருக்கு இங்க பில் போட முடியாது. அந்த ரெஸ்டாரன்ட் கவுன்டருக்குப் போங்க,” என்றாள் மளிகைப் பக்கம் இருந்த பெண்.

மளிகைக் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் ரெஸ்டாரன்ட். அங்கே முப்பது நாற்காலி போட்டிருப்பதால்தான் கடைக்குப் பீர் உரிமம். பென்சில்வேனியா சட்டம் அப்படி. கவுன்டரில் பெர்னடீன் நின்றிருந்தாள். மைரனோடு பள்ளியில் படித்தவள்.

“ஒரு தடவைக்கு நூத்தித் தொண்ணூத்திரெண்டு அவுன்ஸ்தான், மைரன். இந்தப் பெரிய கேன்ல பன்னெண்டு.”

“எனக்கு இருநூத்தி நாப்பது வேணுமே!”

“வாங்கு. பன்னெண்டைக் கொண்டுபோய் வெளிய உன் பிக்கப்ல வச்சுட்டு வா. மறுபடி பன்னெண்டு வாங்கு. யாரு வேணாங்கறா?”

“இருபது நடையா?”

“கணக்குல நீ எப்பவுமே கெட்டிதான்.”

பீர் மொத்தக் கடைக்காரரும் கல்யாணத்துக்கு வருவதால் நேற்றே கடையைப் பூட்டிவிட்டார். ஒரு மாதத்துக்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மைரன் மறந்துவிட்டான். மகளின் பட்டமளிப்பு விழாவை மறந்தவன் அவன். ஒருமுறை பனி கொட்டும்போது மகளையே பள்ளி வாசலில் மறந்தவன். சர்ச், மண்டபம், கேக் எல்லாவற்றையும் மகள் மரிசாவே பார்த்துக்கொண்டாள். அவனிடம் கொடுத்தது ஒரே ஒரு வேலை.

“பீர் உங்க பொறுப்புப்பா. யாரும் ஞாபகப்படுத்தக்கூட மாட்டோம்,” என்றிருந்தாள்.

அன்று அவனுக்குக் கண் கலங்கியது. இன்று காலை சவரம் செய்யும்போது சட்டென்று ஞாபகம் வந்து, கன்னத்தை வெட்டிக்கொண்டான்.

ஆறாவது நடையில் புது ஷூ குதிகாலைக் கடித்தது. வீட்டுக்குப் போன் செய்தான்.

“பீரா?” என்றாள் மரிசா. போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கிசுகிசுத்தாள். “சரிப்பா. எமில் மாமாவை அனுப்பறேன்.”

மைத்துனன் எமில் பத்தே நிமிடத்தில் கோட்டு சூட்டோடு வந்தான்.

“முதல்ல உக்காரு மச்சான். மூஞ்சி சிவந்து கிடக்கு. நான் போய் அந்தம்மாகிட்டப் பேசறேன்.”

போனான். பெர்னடீனின் காதில் ஏதோ சொன்னான். மைரன் ஏழாவது நடைக்கு நொண்டிக்கொண்டே வந்தபோது அவள் கேனைத் தொடவில்லை.

“நடையே சரியில்லையே மைரன். குடிச்சிருக்கறவங்களுக்கு விக்கக் கூடாது. சட்டம்.”

“குடியா? ஒரு சொட்டு தொடலடி!”

“ஷூதான கடிக்குது? கழட்டிடு மச்சான்,” என்றான் எமில்.

கழற்றினான்.

“வெறுங்காலோட சாப்பாட்டுக் கடைக்குள்ள வராத!” என்று கத்தினாள் பெர்னடீன்.

மாட்டினான்.

“நேர்க்கோட்டுல நடந்து காட்டு மச்சான். போலீஸ் நடக்கச் சொல்ற மாதிரி,” என்றான் எமில்.

மைரன் கைகளை விரித்து, தரை ஓடுகள் சேரும் கோட்டின் மேல் நடந்தான். பத்தாவது அடியில் ஷூ வழுக்கியது. பக்கத்திலிருந்த நாற்காலி மேல் விழுந்தான். நாற்காலி இரண்டு துண்டானது.

பெர்னடீன் மீதி நாற்காலிகளை வாய்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முகம் வெளுத்தது.

“இருபத்தொம்போது. முப்பது இல்லாம ஒரு கேன் வித்தேன்னா என் வேலை போயிடும்.” கவுன்டர் கதவை இறக்கிவிட்டாள்.

“விதி மச்சான்,” என்றான் எமில், உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை ஒன்றைக் கடித்துக்கொண்டே. “விட்டுடு. வா, சர்ச்சுக்குப் போகலாம்.”

“என் பொண்ணு எனக்குன்னு கொடுத்த ஒரே வேலைடா!”

மைரன் வெளியே ஓடினான். அவன் பிக்கப் வண்டியில் ஒரு மடக்கு நாற்காலி எப்போதும் கிடக்கும். பனிக்காலத்தில் தெருவில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பிடித்துவைக்க அந்த ஊரில் எல்லோரும் வைத்திருப்பதுதான். அதைத் தூக்கிவந்து கவுன்டர் முன்னால் விரித்தான்.

“முப்பது!”

பெர்னடீன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்தாள். அருகில் வந்து அவன் வாயை மோந்தாள். காப்பி வாசனைதான் வந்தது. எமிலை ஒரு முறை முறைத்துவிட்டுக் கதவைத் தூக்கினாள்.

ஒன்றேகாலுக்கு இருபதாவது நடை முடிந்தது. பிக்கப் பின்பக்கம் தாழ்ந்து நின்றது. மைரனின் குதிகாலில் ரத்தம், முகத்தில் முப்பது வருஷத்தில் யாரும் பார்க்காத சிரிப்பு.

“பாத்தியா எமில்? இதை மட்டும் நான் மறக்கல!”

எமில் அந்த இருநூற்று நாற்பது கேன்களையும் பேயறைந்தவன் போலப் பார்த்தான். மைரன் திரும்ப எடுத்துவந்திருந்த மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தரும் பீரைக் கையால தொட மாட்டாங்க மச்சான். மண்டபத்துக்குள்ளயே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பீர் இல்லாத கல்யாணம்னா நீ ரகளை பண்ணுவே. அதான்… நீ மறந்துடுவேன்னு நம்பித்தானேய்யா மரிசா இந்த வேலையை உன்கிட்ட கொடுத்தா!”