மெர்ல் பாஸ்டர் கொடுத்த வீடு

"என் வீடு உங்கள் வீடு என்று நான் சொன்னால், அது உங்கள் வீடுதான். என் வாயில் வெறும் மரியாதைப் பேச்சு கிடையாது."

பராகுவே நாட்டுத் தக்குவாரா கிராமத்துச் சபையில், மேசையைத் தட்டி, கண்ணில் நீர் தளும்ப மெர்ல் பாஸ்டர் இப்படி அறிவித்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை தும்மியது. மற்றபடி ஆட்சேபணை எதுவும் எழவில்லை.

வெளிநாட்டுக்கு ஊழியம் செய்யப் போகும் மிஷனரிகளில் பல இனம் உண்டு, வாசகரே. கொசுவலைக்குள் இருந்தபடியே வரைபடத்தில் ஆத்துமாக்களைத் தேடுகிறவர் ஓர் இனம். வந்த மறுநாளே ஊருக்குக் கழிப்பறை கட்டுகிறேன் என்று குழி தோண்டி, குழியை அப்படியே விட்டு விடுமுறைக்குப் போகிறவர் இன்னோர் இனம். இவர்களால் பெரிய தொந்தரவில்லை. முன்னவர் வெளியே வரமாட்டார். பின்னவரின் குழியைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். நாம் ஆராய எடுத்துக்கொண்டது மூன்றாவது இனம்: 'நான் உங்களில் ஒருவன்' மிஷனரி. இவரைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. நடுவிலேயே உட்கார்ந்திருப்பார்.

எப்படி அடையாளம் காண்பது? பராகுவேக்காரர்கள் கல்யாணத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மட்டும் போடும் பூவேலைச் சட்டையை இவர் தக்காளி வாங்கப் போட்டுக்கொண்டு வருவார். விருந்தில் எல்லோரும் இறைச்சித் துண்டில் கண்ணாக இருக்க, இவர் மட்டும் மரவள்ளிக்கிழங்கைக் கேட்டு வாங்கி, தின்பதை எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே தின்பார். குவாரனி மொழியில் யாராவது நையாண்டி செய்தால், மற்றவர்கள் சிரித்து ஓய்ந்து அடுத்த பேச்சுக்குப் போன பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த யாராவது, குளிர்ந்த தெரெரே பானத்தை இத்தனை பேரும் ஒரே குழலில் உறிஞ்சுவதா என்று முகத்தைச் சுளித்தால், "இங்கே நாங்கள் அப்படித்தான்" என்று அவர் முதுகில் தட்டுவார்.

இந்த 'நாங்கள்' கவனிக்கத் தக்க 'நாங்கள்'. கால்பந்தில் பராகுவே ஜெயித்தால் நாங்கள். தோற்றாலும் நாங்கள்தான், துக்கத்தில் பங்கெடுப்பது இன்னும் அழகல்லவா? ஊர்க் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் மட்டும், "நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும்."

இந்த இனத்துக்கு ஓர் ஆருயிர் நண்பன் இல்லாமல் முடியாது. உள்ளூர்க்காரனாக, இல்லாதவனாக, அதிகம் வாய் பேசாதவனாக இருந்தால் நலம். மெர்ல் பாஸ்டருக்கு அப்படி வாய்த்தவன் முடிவெட்டும் செஃபெரினோ. சனிக்கிழமைதோறும் மாமரத்தடி நாற்காலியில் பாஸ்டர் உட்கார்ந்து தலையைக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கத்தில் செஃபெரினோவின் தலையை எடுப்பார். அவன் குடியில் விழுந்தது, பாஸ்டர் தூக்கிவிட்டது, மறுபடி விழுந்தது, மறுபடி தூக்கிவிட்டது என்று அன்றைய பிரசங்கத்துக்குத் தேவைப்படும் அளவில் சாட்சி வளரும். செஃபெரினோவுக்கோ வாலிபத்திலிருந்து வயிற்றுப்புண். ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

"ஏன்யா, நீ எப்பக் குடிச்ச, எப்ப விட்ட?" என்று கேட்டாள் மனைவி ஒப்துலியா. "எனக்குத் தெரியாம தனியா ஒரு வாழ்க்கை நடத்தியிருக்க போல."

"விடு. சிநேகிதருக்கு உபயோகப்படுதுன்னா நான் குடிச்சவனாவே இருந்துட்டுப் போறேன்."

அவனுக்கு அந்தச் சிநேகிதத்தில் அவ்வளவு நம்பிக்கை.

இனி தக்குவாராவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் சேவலைப் பார்த்து ஒருவர் நன்றாயிருக்கிறது என்றால், நீங்கள் "உங்களுக்குத்தான்" என்று சொல்லவேண்டும். அவர் சிரித்துவிட்டு நகரவேண்டும். சாப்பிடும்போது வாசலில் போகிறவரை "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிடவேண்டும். அவர் "நல்லாச் சாப்பிடுங்க" என்று நடையைக் கட்டவேண்டும். சேவலும் போகாது, சாப்பாடும் குறையாது, இரண்டு பேருக்கும் மனசு நிறைந்துவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் அங்கே ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெர்ல் பாஸ்டர் இதைப் பாவப் பட்டியலில் சேர்த்தார். கொடுக்கும் எண்ணமில்லாமல் கொடுக்கிறேன் என்பது பொய், பொய்யர்களின் இடம் எது என்று உங்களுக்கே தெரியும் என்று ஒரு மணி நேரம் காய்ச்சி எடுத்தார். அந்தப் பிரசங்கத்தின் உச்சியில் முழங்கியதுதான் நீங்கள் முதலில் படித்தது.

அக்டோபரில் சூறைக்காற்று வந்தது. செஃபெரினோ வீட்டுத் தகரக் கூரையைக் கழற்றிச் சுருட்டி, பக்கத்து மரவள்ளித் தோட்டத்தில் எறிந்துவிட்டுப் போனது. காற்று போனதே தவிர மழை போகவில்லை. நனைந்த மெத்தைமேல் இரண்டு பெண் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

தன் தங்கை வீட்டுக்குப் போகலாம் என்றாள் ஒப்துலியா. தங்கை புருஷன் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷமாகிறது, அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்றான் செஃபெரினோ. பிறகு தயங்கித் தயங்கி, பாஸ்டர் வீடு இருக்கிறதே என்றான்.

"அது மரியாதைக்குச் சொல்றதுய்யா."

"நம்ம ஆளு சொன்னா மரியாதைக்கு. இவருதான் மரியாதைக்குச் சொல்லலன்னு மேசையத் தட்டிச் சொன்னாரே. இப்ப நாம போகலன்னா அவரப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

ஒப்துலியா கோழிகளைப் பிடித்துக் கூடையில் போட ஆரம்பித்தாள். அவன் கேட்டதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

பாஸ்டர் வீட்டு வாசலில் நின்று, ஊர் வழக்கப்படி கை தட்டினார்கள். வெளியே வந்த பாஸ்டர் கண்ணில் நாலு பேர், ஒரு மெத்தை, முடிவெட்டும் நாற்காலி, கூடையில் கோழிகள், கயிற்றில் ஒரு பன்றி. ஜெபத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கண்ணை மூடி ஆரம்பித்தார். குடும்பத்துக்காக, கூரைக்காக, காற்றுக்காக, பராகுவே தேசம் முழுமைக்குமாக நீண்ட ஜெபம். மழையில் நின்று செஃபெரினோ முழுவதையும் கேட்டான். பாஸ்டர் 'ஆமென்' சொன்னார். செஃபெரினோவும் 'ஆமென்' சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து உள்ளே போனான்.

முதல் நாள் எல்லாம் பிரமாதம். பாஸ்டர் அந்தக் குடும்பத்தை நடுக்கூடத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து, தம்மை அனுப்பிய அமெரிக்க அயோவா சபைக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த பாராட்டுகளை உரக்க வாசித்து, அவர்களுக்கே மொழிபெயர்த்தும் சொன்னார்.

மறுநாள் விடியுமுன் ஒப்துலியா எழுந்து குளிர்பெட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். அவளுக்குச் சந்தேகம் நிறைய இருந்தது. ஆனால் நம்புவதென்று வந்துவிட்டால் அரைகுறையாக நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பாஸ்டர் மனைவி பெவர்லி அம்மாள் பெயர் எழுதி ஒட்டிவைத்த டப்பாக்களையெல்லாம் கழுவித் துடைத்து, பெயர்களையும் சேர்த்துத் துடைத்து, வெயிலில் கவிழ்த்தாள். பன்றி ரோஜாப் பாத்தியில் தனக்கு ஓர் இடம் பார்த்துக்கொண்டது. செஃபெரினோ நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டான். முடிவெட்ட வந்தவர்கள் வந்தார்கள், அவர்களோடு பேச வந்தவர்கள் வந்தார்கள், தெரெரே கிண்ணம் சுற்றியது. இத்தனை வருஷம் கேட்டருகே நின்று பயந்து பயந்து கை தட்டிய ஊர், இப்போது கை தட்டாமலே உள்ளே வந்தது. செஃபெரினோ வீடுதானே?

மூன்றாம் நாள், கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்து, "தாழ்வாரம் நல்லா இருக்கு, செஃபெரினோ" என்றார்.

கத்தரிக்கோலை நிறுத்தாமலே செஃபெரினோ வழக்கப்படி பதில் சொன்னான்: "உங்களுக்குத்தான்."

உள்ளே பாஸ்டர் கையிலிருந்த காப்பி சட்டைமேல் கொட்டியது. பூவேலைச் சட்டை.

அன்றே அவருக்குள் கூரையில்லாத ஏழைகளுக்காக ஒரு பாரம் இறங்கியது. 'ஏழைக்கொரு கூரை' என்றொரு திட்டம் அவரிடம் வெகுகாலமாக இருந்தது; அது இன்னும் ஜெபத்தில்தான் இருந்தது, குழு அமைக்கவேண்டும், குழுவுக்கு ஜெபிக்கவேண்டும். இங்கே எதற்கும் அவசரம் கூடாது, நாங்கள் நாளை என்றால் நாளைதான் என்று பெருமையாகச் சொல்லிவந்த மனிதர், மறுநாள் கோழி கூவுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தார். தகரம் வந்தது. ஆணி வந்தது. ஊர் கூடி உழைக்கும் மிங்காவுக்கு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். தாமே உச்சியில் ஏறி ஆணி அடித்தார். தண்ணீர் குடிக்கக்கூட இறங்கவில்லை.

"பாரு, சிநேகிதம்னா இதுதான்" என்றான் கீழே நின்ற செஃபெரினோ, மனசு கனிந்து.

"நானும் அதத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள் ஒப்துலியா. "நம்மள வரவேற்கக்கூட அந்த மனுஷன் இவ்வளவு வேகமா ஓடி வரலையே."

செஃபெரினோவின் சிரிப்பு அப்படியே நின்றது. அதற்குப் பிறகு ஆணி அடிக்கும் சத்தம் அவனுக்கு வேறு மாதிரி கேட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் ஊரிலிருந்து வந்தவரிடம் "நம்ம வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்று சொன்னது யார்? சொல்லும்போதே அவர் கொண்டுவந்த பெட்டியின் அளவை எடைபோட்டது யார் கண்? அவர் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்ததும் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று அக்கறையாக விசாரித்தது யார்? உங்கள் நல்ல காலம், அவர் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. மெர்ல் பாஸ்டரும் நீங்களும் ஒரே சபை. அவர் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

கூரை முடிந்தது. கோழிகள் கூடைக்குள் போயின, மெத்தை மாட்டுவண்டியில் ஏறியது. பாஸ்டர் ஒவ்வொருவரையும் நெடுநேரம் கட்டித் தழுவினார். கேட்டுக்கு வெளியே வந்த செஃபெரினோ திரும்பி நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தான். மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை ஊர் முறையிலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது. பாஸ்டர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். இவன் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான். சனிக்கிழமை தலை வரும், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் வழக்கம்போலக் குடித்துவிட்டுப் போகலாம்.

"அருமையான வீடு, பாஸ்டர்" என்றான்.

மெத்தைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒப்துலியா கையை நிறுத்தினாள்.

பாஸ்டர் வாயைத் திறந்தார். வண்டியில் இன்னும் கட்டாமல் கிடந்த முடிவெட்டும் நாற்காலி கண்ணில் பட்டது.

"இது மிஷன் சங்கத்தின் வீடு, சகோதரரே. எனக்குச் சொந்தமில்லை" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தினார்.