பனங்காட்டுத் தெருவின் பேசாத மீட்டர்கள்

செங்கதிர் நாட்டில் வீடுதோறும் ஒரு மின் மீட்டர் உண்டு. கால் மணிக்கு ஒருமுறை அது கம்பியில்லா அலையில் தலைநகருக்குத் தகவல் அனுப்பும். மீட்டர் சொல்வதை அரசு நம்பும். மனிதர் சொல்வதை நம்பிக் கெட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று மன்னர் அறிவித்திருந்தார்.

பேச மறந்த மீட்டர்களைத் தலைநகரில் இருந்தபடியே சரிசெய்ய ஒரு மண்டபம் இருந்தது. நேரில் போய்ப் பார்ப்பது அங்கே குற்றம். போய்ப் பார்த்தால் இங்கிருந்து பார்த்தது போதவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? அதனால் வேலையில் சேரும் நாளே ஊழியர்களின் செருப்புகளை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். தலைமைச் சீராளர் கனகசபாபதி வெறுங்காலோடு இருபது வருடம் சேவை செய்தவர். அதற்கு ஒரு பதக்கமும் வாங்கியிருந்தார்.

பனங்காட்டுத் தெருவின் முனையில் மன்னரின் எழுபது அடிக் கற்சிலை எழுந்தது. அன்றே தெருவின் நாற்பது மீட்டர்களும் ஊமையாயின. குழந்தைக்குக்கூடக் காரணம் புரியும். மண்டபத்துக்குப் புரியவில்லை.

அவர்களிடம் இருந்தது ஒரே வைத்தியம், அணைத்துப் போடுவது. கட்டளை மீட்டரைப் போய்ச் சேராததால், தெருவின் மொத்த மின்சாரத்தையும் தலைநகரிலேயே பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தார்கள்.

அந்தத் தெருவில் ஏகாம்பரம் என்பவர் மூச்சு இயந்திரத்தை நம்பி உயிரோடு இருந்தார். அந்தச் சிலைக்குக் கல் கொத்தியவர் அவர். கல்தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. மின்சாரம் நின்றால் அவர் மனைவி மரகதவல்லி ஒரு ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி அவருக்குக் காற்றுக் கொடுப்பாள். பத்து நிமிடம் கை தாங்கியது.

மீட்டர்கள் பேசவில்லை. வைத்தியம் சரிதான், அளவுதான் போதவில்லை என்று மண்டபம் முடிவு செய்தது. நிறுத்தம் ஒரு மணி நேரமானது. பக்கத்து வீட்டு அஞ்சலையும் மாற்றி மாற்றி அழுத்தினாள்.

இதற்கிடையே தேர்தல் வந்தது. மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தினால் வாக்கு. பேசாத மீட்டர் மன்னரை எதிர்க்கவில்லை என்று பொருள் என ஓர் ஆணை பிறந்தது. பனங்காட்டுத் தெரு முழுதும் மன்னருக்கே வாக்களித்ததாக அறிவித்தார்கள்.

பொறுக்க முடியாமல் மரகதவல்லி கணவரை அஞ்சலையிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைநகருக்கு வண்டி ஏறினாள்.

"ஐயா, சிலைதான் மறைக்குது. அது வந்த நாள்லேருந்துதான் மீட்டர் பேசல. ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

மண்டபமே திடுக்கிட்டது. கனகசபாபதி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"சிலை யாரையும் மறைக்காதும்மா. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு."

"அவரு மூச்சு நின்னுடும்ங்கய்யா!"

அவர் திரையைப் பார்த்தார். "உங்க வீட்டுலேருந்து அப்படி ஒரு தகவலும் வரலையே."

"நான்தான் நேர்ல வந்து சொல்றேனே!"

"நீங்க சொல்லக் கூடாதும்மா. மீட்டர் சொல்லணும்." பிறகு இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. உங்க தெருவுக்கு முழு வைத்தியமே பண்ணிடறோம்."

முழு வைத்தியம் என்பது மீட்டர் பேசும்வரை தினமும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை நிறுத்தம். அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்!

முதல் நாள் தெருவே வரிசையில் நின்று பையை அழுத்தியது. இரண்டாம் நாளும் அழுத்தியது. மூன்றாம் நாள் நண்பகலில் பை கிழிந்தது. வேறு பை வாங்க அஞ்சலை கடைத்தெருவுக்கு ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது மரகதவல்லி கிழிந்த பையை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள். ஏகாம்பரத்துக்கு அது தேவைப்படவில்லை.

அன்று பிற்பகல், தேர்தல் வெற்றிக்காகத் தங்கமுலாம் பூசுவதற்குச் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

பொழுது சாய்ந்து மின்சாரம் வந்தது. நாற்பது மீட்டர்களும் ஒன்றாகப் பேசின. மண்டபத்தில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வெறுங்காலோடு குதித்தார்கள். கனகசபாபதி மரகதவல்லியின் வீட்டுத் தகவலைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார்:

"மின் தேவை: சுழியம்."

"பாத்தீங்களா?" என்று கண் கலங்கினார். "அந்தம்மா வீட்டுல இப்ப ஒரு குறையும் இல்ல."

மறுநாள் மன்னர் இரண்டு ஆணைகளில் கையெழுத்திட்டார். இனி எந்தத் தெரு பேசாவிட்டாலும் மூன்று நாள் முழு வைத்தியம். வைத்தியம் கண்டுபிடித்த மகிழ்ச்சிக்காகத் தெருவுக்குத் தெரு ஒரு சிலை.