கனமான பாத்திரங்களின் பாவம்

தாமிரானந்த சுவாமிகள் கருங்காட்டுப்புதூருக்கு எழுந்தருளிய நாளிலிருந்து அந்த ஊரில் யாரும் செம்புப் பாத்திரம் துலக்குவதில்லை. துலக்கினால் பாவம் என்று சுவாமிகள் சொல்லிவிட்டார். புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது குடும்பத்தின் குற்றத்தை மூடி மறைக்கிற வேலையாம். செம்புப் பாத்திரம்தான் ஒரு வீட்டின் மனச்சாட்சியாம். சீமையில் யுத்தம் நடக்கிறது, சந்தையில் எதைத் தொட்டாலும் விலை கொதிக்கிறது. இந்த நேரத்தில் ஒருவர் தேடி வந்து, ‘உன் மனச்சாட்சி அடுப்படியில் அண்டாவாக உட்கார்ந்திருக்கிறது’ என்று சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது!

சங்ககிரிப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நாமக்கல் பக்கமிருந்து நடந்தே வந்தார்கள். தலையில் தவலை, இடுப்பில் குடம், இரண்டு பேர் தூக்கி வரும் அண்டா. ஊர்ச்சாவடி வாசலில் பாத்திரக் கடைத் தெருவே குடியேறிவிட்டது போலிருந்தது. பொரிகடலைக்காரன் கூட அங்கேயே கடை போட்டுவிட்டான். பக்திக்குப் பசி அதிகம்.

சுவாமிகளின் சோதனை மிகவும் சுலபமானது. பாத்திரத்தை முதலில் சிஷ்யன் வேலுசாமி இரண்டு கையாலும் வாங்கித் தூக்கிப் பார்ப்பான். ‘சிவ சிவ’ என்பான், அல்லது ‘ஹர ஹர’ என்பான். சுவாமிகள் கண்ணை மூடியபடியே, தமக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மண்பானைகளில் ஒன்றிலிருந்து தீர்த்தம் மொண்டு அதன்மேல் ஊற்றுவார். செம்பு செம்பாகவே இருந்தால் உத்தமக் குடும்பம். கறுத்துப்போனால் அந்த வீட்டு மருமகள்மேல் குற்றம். என்ன குற்றம் என்று சுவாமிகள் சொல்லமாட்டார். அதைச் சொல்ல அவசியமும் இல்லை; மாமியார்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

கறுக்கவைக்கும் தீர்த்தம் கூமுட்டையை உடைத்தது போல் நாறும். பாவம் வெளியேறும் வாசனை அது என்று சுவாமிகள் விளக்கம் கொடுத்தார். அதைக் கேட்ட பிறகு ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. இழுத்து இழுத்து முகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கறுத்த பாத்திரம் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. சுவாமிகளே பெரிய மனசு பண்ணி அதை எடுத்துப்போய்க் கங்கையில் கரைத்துவிடுவார். செம்பு தண்ணீரில் கரையுமா என்று கேட்க ஒரு நாக்கு எழவில்லை.

இந்தக் கூட்டத்தில் முதல் வரிசை பக்தை சென்னியம்மாள். நாலு கிணறு பாயும் காட்டுக்குச் சொந்தக்காரி. ஒரே மகன் நாச்சிமுத்து. அவன் சம்சாரம் சௌந்திரம் போன தையில்தான் இந்த வீட்டுக்கு வந்தவள். சுவாமிகளின் உத்தரவை ஊரிலேயே சென்னியம்மாள்தான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். தண்ணீர்க் குடத்தை அவள் யாரையும் தேய்க்கவிடவில்லை. குடத்தின் உள்பக்கம் பச்சை பூத்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து நாச்சிமுத்து கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

“பாத்தியா, பாவம் வெளிய போவுது!” என்று தாய் பூரித்துப்போனாள்.

“பாவமில்லீங்க அத்தே, களிம்பு. தேய்க்காத குடத்துல தண்ணி வெச்சா அப்படித்தானுங்க ஆகும்” என்றாள் சௌந்திரம்.

சொன்னதோடு அவள் நிற்கவில்லை. மாட்டுக் கட்டுத்தறிக்குப் பின்னால் குடத்தைக் கொண்டுபோய்ப் புளியும் உப்பும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவைத்தாள். சென்னியம்மாள் கண்ணில் பட்டது அந்தப் பளபளப்புத்தான். சொந்த வீட்டிலேயே குடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிற துரோகி!

அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் தன் குடத்தோடு வந்து நின்றாள். ஈயம் வைத்து அடைத்து அடைத்துக் குடமே பாதி ஈயமாகிவிட்ட சன்னமான குடம் அது.

“சாமி தீர்த்தம் ஊத்துனாருங்க, என்ற கொடம் கறுக்கவே இல்லீங்க! எங்க ஊடு உத்தம ஊடுன்னு சாமி வாயாலயே சொல்லிப்போட்டாருங்க” என்றாள்.

சென்னியம்மாளுக்கு வயிறு எரிந்தது. மருமகளுக்குத் தாய்மாமன் மருதாசலம் சீராகக் கொடுத்த செம்பு அண்டாவை வண்டியில் ஏற்றச் சொன்னாள். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம், அத்தனை பெரிய அண்டா. தூக்கி ஏற்றுவதற்குள் நாச்சிமுத்துவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மருமகளையும் சென்னியம்மாள் கூடவே ஏற்றிக்கொண்டாள். அண்டா கொஞ்சம் கறுத்து இந்தப் பெண்ணின் வாய் அடங்கினால் போதும் என்பதுதான் சென்னியம்மாளின் வேண்டுதல். அதற்குமேல் அவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

சாவடியில் வேலுசாமி அண்டாவைத் தூக்கிப் பார்த்தான். தூக்க முடியவில்லை. அவன் முகத்தில் அப்படியொரு பக்திப் பரவசம்.

“ஹர ஹர! ஹர ஹர ஹர!” என்றான்.

சுவாமிகள் தீர்த்தத்தை ஊற்றினார். நாற்றம் கிளம்பியது. ஊற்றிய இடமெல்லாம் அண்டா கரிச்சட்டி மாதிரி கறுத்தது. கூட்டம் ‘ஐயோ’ என்றது. சென்னியம்மாளின் மனசு குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சி வெகுநேரம் நிற்கவில்லை.

“அம்மணி! இத்தகைய கருமையை யாம் இதுகாறும் கண்டதில்லை” என்று சுவாமிகள் கண்ணைத் திறந்தார். “பாத்திரம் கங்கைக்கு. பெண் பிறந்தகத்துக்கு. இன்றே அனுப்பிவிடு. உன் புதல்வனுக்கு வேறு விவாகம் செய்வதே சாந்தி.”

சௌந்திரத்தின் முகம் வெளுத்துவிட்டது. சென்னியம்மாளுக்கும் பகீர் என்றது. வாயடக்கத்தான் அவள் வந்தாள், வாழ்க்கையை அறுக்க வரவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி ஊட்டியவள் இந்தப் பெண். அவள் இல்லாத வீட்டைச் சென்னியம்மாளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் சாமி சொன்னது சாமி சொன்னதுதானே!

நாச்சிமுத்து தாயின் காதருகே குனிந்தான். “அம்மா, இது கந்தக நாத்தம். மயிலைக் காளைக்குச் சொறி வந்தப்போ கந்தகமும் சுண்ணாம்பும் போட்டுக் காய்ச்சி ஊத்துனோமே, அதே நாத்தம். அது பட்டுத்தான் கழுத்து மணி கறுத்துப்போச்சு.”

“அட கூறுகெட்டவனே, காளைக்கு ஏதுடா மருமவ?” என்று சென்னியம்மாள் அதட்டினாள். அவள் கற்ற சாஸ்திரம் அவ்வளவுதான்.

சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குரல் நடுங்கியது. ஆனால் சாவடி முழுக்கக் கேட்டது.

“சாமி, நான் போறேனுங்க. போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. அந்தத் தீர்த்தத்தை உங்க கமண்டலத்து மேல ஊத்திக் காட்டுங்க. உங்க செம்பு மின்னுறதைக் கண்ணால பாத்துட்டுப் போனா, என்ற பாவம் கொஞ்சம் கொறையுமுங்க.”

சுவாமிகளின் கமண்டலமும் செம்புதான். அது மட்டும் நாள் தவறாமல் கண்ணாடியாக மின்னியது. எதைப் போட்டுத் தேய்த்தார்கள் என்பது தேவ ரகசியம்.

“கூடாது! கமண்டலம் கயிலாயத்திலிருந்து வந்தது” என்றார் சுவாமிகள்.

அப்படிச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. கயிலாயம் என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டத்துக்கு ஆவேசம் வந்துவிட்டது. “கயிலாயச் செம்பு மின்னட்டும்! நாங்க பாக்கோணும் சாமி!” என்று கும்பிட்டுக்கொண்டு நெருக்கினார்கள். சந்தேகப்படுகிறவர்களைச் சுவாமிகள் விரட்டிவிடுவார். நம்புகிறவர்களை என்ன செய்வது? அவர்களுக்கெல்லாம் முன்னால் நின்றவள் சென்னியம்மாள்.

“சாமிக்கு எதுக்குங்க செரமம்? நானே ஊத்தறேனுங்க!” என்றாள்.

பக்தி முற்றிய கை அது. சுவாமிகள் தடுப்பதற்குள் கமண்டலத்தைப் பிடுங்கி நடுவில் வைத்து, அண்டாவுக்கு ஊற்றிய அதே பானையிலிருந்து தீர்த்தத்தை மொண்டு கவிழ்த்தாள். கூட்டம் அரோகரா போட்டது. அரோகரா பாதியிலேயே நின்றுபோனது.

கயிலாயம் கறுத்துக்கொண்டிருந்தது.

சென்னியம்மாள் கமண்டலத்தைப் பார்த்தாள். சுவாமிகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் கபடம் துளிகூட இல்லை. கவலையோடுதான் கேட்டாள்:

“ஏனுங்க சாமி... உங்க ஊட்டு மருமவ ஆருங்க?”

முதலில் சிரித்தவன் பொரிகடலைக்காரன். சுவாமிகள், “யாம் சந்நியாசி! எமக்கு ஏது மருமகள்?” என்று கத்தினார். “அப்புறம் எப்படிங்க சாமி கறுத்துது?” என்று சென்னியம்மாள் விடாமல் கேட்டாள். இதற்கு எந்த ஆகமத்திலும் பதில் இல்லை.

அதற்குள் நாச்சிமுத்துவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த பொன்னாத்தாளின் இடுப்பிலிருந்து உத்தமக் குடத்தை வாங்கி அதே பானைத் தீர்த்தத்தை ஊற்றினான். அதுவும் கறுத்தது. “என்ற மருமவ தங்கமுங்க! ஒரு குத்தமும் கெடையாதுங்க!” என்று பொன்னாத்தாள் அலறினாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மருமகளை அவள் பாராட்டியது அன்றைக்குத்தான். சௌந்திரம் தன் அண்டாவின் கறுக்காத பக்கத்தில் மற்றப் பானையின் தண்ணீரை ஊற்றிக் காட்டினாள். ஒன்றும் ஆகவில்லை.

“அது வெறும் கெணத்துத் தண்ணிங்க” என்றாள் அவள். “சன்னமான பாத்திரம் வந்தா அந்தப் பானை. கனமான பாத்திரம் வந்தா கந்தகப் பானை. அதுக்குத்தான் இந்த வேலுசாமி தூக்கித் தூக்கிப் பாத்தானுங்க. இதுவரைக்கும் லேசான பாத்திரம் ஒண்ணாச்சும் பாவம் பண்ணிச்சா? நீங்களே சொல்லுங்க!”

கூட்டம் யோசித்தது. பழக்கமில்லாத வேலை என்பதால் கொஞ்ச நேரம் பிடித்தது. உண்மைதான், கருங்காட்டுப்புதூரில் பாவமெல்லாம் பெரிய அண்டாக்களே செய்திருந்தன. ஒரு சின்னச் சொம்புகூட வழி தவறவில்லை.

“அடே வேலு, வண்டியப் பூட்றா!” என்று சுவாமிகள் முதன்முறையாக மனிதர் பேசும் தமிழில் பேசினார். வண்டி சாவடிக்குப் பின்னால் தயாராகத்தான் நின்றது. அதன் வைக்கோலை விலக்கினால் அண்டாவும் தவலையும் கொப்பரையுமாக ஊரின் மனச்சாட்சி மொத்தமும் அடுக்கியிருந்தது. கங்கை எங்கோ இருக்க, வண்டியின் மூக்கு சேலத்துப் பாத்திரக் கடை ரஸ்தாவைப் பார்த்து நின்றது. யுத்த காலம், பழைய செம்புக்கு அங்கே இருந்த மரியாதை எந்தச் சாமிக்கும் இல்லை.

ஓடப்பார்த்த இருவரையும் பிடித்துச் சாவடித் தூணில் கட்டினார்கள். ஊர்ப்பெண்கள் புளியோடும் செங்கல் தூளோடும் வந்து, கறுத்த பாத்திரங்களையெல்லாம் அவர்கள் கையாலேயே தேய்க்கவைத்தார்கள். சுவாமிகள் நன்றாகவே தேய்த்தார். கமண்டலம் தேய்த்த கை அல்லவா!

வீட்டுக்குத் திரும்பும்போது சென்னியம்மாள் வண்டியில் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அண்டாவின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாள்.

“உன்னய அனுப்பியிருப்பேன் கண்ணு” என்றாள் கடைசியில். “அந்த நாத்தம் புடிச்ச தண்ணியை நம்பி உன்னய அனுப்பித்தான் இருப்பேன். நெனச்சா நெஞ்சு பதறுது.” அழுதேவிட்டாள். சௌந்திரம் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் உங்களுக்கும் கொஞ்சம் தீர்த்தம் தெளிக்கவேண்டும். அடுத்த அமாவாசைக்குள் வாழப்பாடிப் பக்கம் ஒரு குத்துவிளக்குச் சாமியார் கிளம்பிவிட்டார். அவர் கொடுக்கும் எண்ணெயை ஊற்றி ஏற்றும்போது விளக்கு அணைந்தால் வீட்டில் குற்றமாம். யார்மேல் என்று சொல்லவும் வேண்டுமா? ஊரார் வண்டி கட்டினார்கள். பொன்னாத்தாள் மடியில் விளக்கோடு முன்வண்டியில் ஏறி உட்கார்ந்து, “சென்னியக்கா, நீங்க வரலீங்களா?” என்று கூப்பிட்டாள்.

சென்னியம்மாள் வாசலில் நின்று வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாரேன். மொதல்ல அந்தச் சாமி அவரு எண்ணெய அவரு வெளக்குல ஊத்தி ஏத்தட்டும். அது நின்னு எரிஞ்சா ஆள் அனுப்பு, வாரேன். அதைக் கேக்கறதுக்கு உங்கள்ள ஒருத்தருக்கும் வாய் இல்லீன்னா, வெளக்க ஊட்டுல வெச்சிட்டு உங்க தலையக் கொண்டுபோய்க் குடுங்க; அதுதான் இங்க ஆரும் பொழங்காமக் கெடக்குது!”